ஐலேண்டர்: ஒரு சின்ன இரட்டை இன்ஜின் விமானம் உருவான விதம்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டு இன்ஜின் வைத்த சின்ன விமானம் புதிதல்ல. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009இல் அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே கடற்படை விமானங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. பாக் நீரிணைக்கு மேலே தாழ்வாக, அவசரமே இல்லாமல் பறந்து படகுகளைப் பார்த்துக்கொண்டு போன விமானங்களில் ஒன்று ஐலேண்டர். பிரிட்டன்-நார்மன் பி.என்.-2 ஐலேண்டர் என்பது அதன் முழுப்பெயர்.

அந்த விமானம் எப்படி உருவானது, ஏன் அந்த வடிவத்துக்கு வந்தது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். விமானவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இன்று பறக்கும் பெரிய பயணிகள் விமானத்தை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவருக்குப் பத்துத் துறை நிபுணர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஐலேண்டரில் அப்படி இல்லை. சக்கரம், கதவு, இறக்கை என்று எதைப் பற்றிக் கேட்டாலும் நேரான ஒரு காரணம் இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், இலகு விமானம் என்று எதைச் சொல்கிறார்கள்? ஓட்டுநர், ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்துக் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையை வைத்துத்தான் விமானங்களைப் பிரிக்கிறார்கள். பொதுவாக 5,700 கிலோ என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே உள்ளவை இலகு ரகம். ஐலேண்டர் இந்தக் கோட்டுக்கு வெகு கீழே, 2,994 கிலோவில் நிற்கிறது. விமானியோடு சேர்த்துப் பத்துப் பேர் உட்காரலாம். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 15 மீட்டரை ஒட்டி. மூக்கிலிருந்து வால் வரை 11 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

யாருக்குத் தேவைப்பட்டது?

ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்று இரண்டு இங்கிலாந்து இளைஞர்கள். இருவரும் டி ஹாவிலேண்ட் என்ற விமான நிறுவனத்தின் தொழில்நுட்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கும் வைட் தீவில், பெம்பிரிட்ஜ் என்ற ஊரில் வேலையை ஆரம்பித்தார்கள். தங்கள் கையால் ஒற்றை இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். அது வியாபாரத்துக்கு ஆகவில்லை. வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் விமானத்திலிருந்து மருந்து தெளிக்கும் தொழிலில் இறங்கினார்கள். பல நாடுகளில் அந்த வேலை நடந்தது. கரடுமுரடான மண் தரையில் விமானத்தை இறக்குவது என்றால் என்ன, ஊரிலிருந்து தள்ளி ஒரு பாகம் உடைந்தால் என்ன பாடு என்பதையெல்லாம் அந்தத் தொழில்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

இடையில் ஹோவர்கிராஃப்டும், அதாவது காற்று மெத்தையின் மேல் நீரிலும் தரையிலும் ஓடும் வாகனமும், செய்தார்கள். உலகின் முதல் பெரிய ஹோவர்கிராஃப்ட் 1959இல் அதே வைட் தீவில், கௌஸ் என்ற ஊரில்தான் ஓடிக் காட்டப்பட்டது. மறு வருடமே பிரிட்டனும் நார்மனும் தங்களுடையதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் பக்கம் தோட்டங்களிலிருந்து வாழைக்குலை ஏற்றி வரலாம் என்பது நோக்கம். மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் மணலில் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாகனமும் ஐலேண்டரும் ஒரே தீவைப் பூர்வீகமாகக் கொண்டவை என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கேமரூன் தொடர்புதான் விமானத்துக்கும் வழி போட்டது. அங்கே ஓடிய சின்ன விமான நிறுவனம் ஒன்றில் இவர்களுக்கு ஈடுபாடு இருந்தது. குறைந்த தூரம், மோசமான ஓடுதளம், பத்துப் பேருக்குள் பயணிகள் என்ற வேலைக்குப் பொருத்தமான புதிய விமானம் அன்றைக்குச் சந்தையில் இல்லை. அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது டிராகன் ராப்பிட் என்ற பழைய விமானம். 1934இல் முதலில் பறந்தது. மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை. நல்ல உழைப்பாளி விமானம்தான், ஆனால் 1960களில் அதற்கு வயதாகிவிட்டது. அமெரிக்காவில் செஸ்னா, பைப்பர், பீச் நிறுவனங்கள் இரட்டை இன்ஜின் சிறு விமானங்களை வரிசையாகச் செய்துகொண்டிருந்தாலும், அவை பெரும்பாலும் வசதியுள்ள ஐந்தாறு பேர் நல்ல ஓடுபாதையிலிருந்து வேகமாகப் போவதற்கானவை. டிக்கெட் வாங்கி ஏறும் கிராமத்து ஆளுக்கு அவற்றில் இடமில்லை.

1963 வாக்கில் ஐலேண்டரின் வடிவமைப்பு தொடங்கியது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பரில், பெம்பிரிட்ஜில் முதல் விமானம் கட்டுமானத்தில் இருந்தது.

வேகத்தை விட்டுக்கொடுத்தது

இந்த விமானத்தின் வரலாற்றில் ஆதாரமான முடிவு இதுதான் என்பேன். எல்லாரும் வேகத்துக்காக அடித்துக்கொண்ட காலத்தில் இவர்கள் வேகத்தை முதலிலேயே கைவிட்டார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மணிக்கு 250 கி.மீ. போகும் விமானம் அந்தத் தூரத்தை 7 நிமிடத்தில் கடக்கும். மணிக்கு 400 கி.மீ. போகும் விமானத்துக்கு நாலரை நிமிடம். மிச்சமாவது இரண்டரை நிமிடம். கதவைச் சாத்தி, இன்ஜினைச் சூடாக்கி, ஓடுபாதை முனைக்கு உருண்டு போவதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடும். ஆக, தீவுக்குத் தீவு, ஊருக்கு ஊர் தாவும் வேலையில் வேகம் வாங்கித் தருவது மிகக் குறைவு. அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலையோ பெரியது.

சக்கரத்தைப் பாருங்கள். பல விமானங்களில் மேலே எழும்பியதும் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஐலேண்டரில் மடங்காது. மடக்குவதற்கு மோட்டார் அல்லது எண்ணெய்க் குழாய், பூட்டு, கதவு, எச்சரிக்கை விளக்கு என்று ஒரு படையே வேண்டும். ஒவ்வொன்றும் எடை; ஒவ்வொன்றும் ஒரு நாள் கெட்டுப்போகும். உப்புக்காற்று அடிக்கும் கரையில் கேட்கவே வேண்டாம். நம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். அப்புறம், சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரை தட்டிய விமானங்களின் கதை உலகம் முழுக்க உண்டு. சக்கரம் வெளியே நின்றால் காற்றுத் தடை கூடும், உண்மை. ஆனால் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மெதுவாகப் போகும் விமானத்துக்கு வெளியே தொங்கும் சக்கரத்தால் வரும் நஷ்டம் சகித்துக்கொள்ளக்கூடிய அளவுதான். அதனால் ஒவ்வொரு பக்கமும் தடித்த ஒரு கால், அதன் அடியில் ஜோடிச் சக்கரம், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உயரத்தில் பறக்கும் விமானங்களில் உட்பகுதியில் காற்றழுத்தம் ஏற்றி வைப்பார்கள், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். ஐலேண்டர் அவ்வளவு உயரம் போகப்போவதில்லை. அந்த ஏற்பாடும் வேண்டாம் என்று விட்டார்கள். காற்றழுத்தம் இல்லையென்றால் உடல் உருண்டையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டி மாதிரி நேர்கோட்டில் தகடுகளை மடித்துச் செய்யலாம்; பழுதானால் எங்கோ ஒரு சிறிய பட்டறையிலும் சரிசெய்யலாம்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை கதவு விஷயம். உள்ளே நடைபாதை கிடையாது. சாதாரணமாக விமானத்தில் நடுவே ஆள் நடக்க ஒரு வழி விடுவார்கள். அந்த வழிக்காக உடல் அகலமாகும், அகலமானால் எடையும் காற்றுத் தடையும் ஏறும். காலியான ஓர் இடத்தைச் சுமந்துகொண்டு பறப்பதுதான் அது. ஐலேண்டரில் இருவர் இருவராக உட்காரும் இருக்கைகள் சுவருக்குச் சுவர் நிற்கின்றன. எப்படி ஏறுவது? பக்கவாட்டில் கதவுகள் இருக்கின்றன. அவரவர் வரிசைக்குப் பக்கத்தில் உள்ள கதவு வழியாக நேரே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். உள் அகலம் ஒரு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். இறங்க ஏற ஏணி வண்டி எதுவும் வேண்டாம்.

இறக்கையை உடலுக்கு மேலே வைத்தார்கள். இன்ஜின்கள் அந்த இறக்கையின் அடியில் தொங்குகின்றன. அதனால் புரொப்பெல்லர், அதாவது முன்னால் சுற்றும் விசிறி, தரையிலிருந்து உயரமாக இருக்கும். மண்ணிலும் சரளையிலும் ஓடும்போது கல் எகிறி விசிறியில் அடிப்பது குறையும். ஜன்னலுக்குக் கீழே இறக்கை மறைக்காததால் தரையும் கடலும் முழுசாகத் தெரியும். கடல் காவலுக்கு இந்த விமானம் பின்னாளில் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு இன்ஜின் ஏன், அதில் என்ன சிக்கல்

ஒரு இன்ஜின் நின்றால் இன்னொன்று இருக்கிறது. கடலுக்கு மேலே பறப்பவர்களுக்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா என்று தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதில்லை. தொடக்கநிலை வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் வள்ளம் முன்னேறுவதற்குப் பதில் திரும்பிக்கொண்டே இருக்கும். இறக்கையில் ஒரு பக்க இன்ஜின் நின்றுபோனால் விமானத்துக்கும் அதே கதிதான். ஓடுகிற இன்ஜின் மூக்கை எதிர்ப்பக்கம் தள்ளும். வாலில் நிற்கும் சுக்கான் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். சுக்கானுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? அதன் மேல் பாயும் காற்றிலிருந்து. விமானம் மிக மெதுவாகப் போனால் காற்றும் மெதுவாகப் பாயும், சுக்கானால் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு இரட்டை இன்ஜின் விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு இன்ஜின் நின்ற நிலையில் அந்த வேகத்துக்குக் கீழே போனால் விமானம் கைமீறிவிடும். வடிவமைப்பவர் செய்யக்கூடியது இரண்டு: இன்ஜின்களை உடலுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைப்பது, வால் சுக்கானைப் பெரிதாகச் செய்வது. ஐலேண்டரின் உயர்ந்த, பெரிய வாலைப் பார்த்தால் இது புரியும்.

நின்ற இன்ஜினின் விசிறியும் சும்மா இருக்காது. அகன்ற முகத்தோடு காற்றை எதிர்த்து நின்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் விசிறியின் அலகுகளைத் திருப்பி, கத்தி விளிம்பு காற்றைப் பார்க்கும்படி வைக்கும் ஏற்பாடு வேண்டும். ஐலேண்டரில் அது இருக்கிறது. சக்கரத்தை மடக்கும் ஏற்பாட்டை விட்டவர்கள் இதை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பலரும் தவறாக நினைப்பது. இரண்டில் ஒரு இன்ஜின் போனால் பாதித் திறன் போகிறது, ஆகவே பாதி வேகத்தில் மேலே ஏறலாம் என்று நினைப்போம். நிஜத்தில் ஏறும் திறன் பெரும்பாலும் போய்விடும். ஏனென்றால் விமானம் ஏறுவது முழுத் திறனால் அல்ல, மிச்சத் திறனால். நேராக, ஒரே உயரத்தில் பறக்கவே குறிப்பிட்ட அளவு திறன் செலவாகும். அதுபோக மீதி இருப்பதுதான் மேலே தூக்கும்.

புரிவதற்காக மட்டும் நான் சில எண்கள் போடுகிறேன். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 210 குதிரைத்திறன், மொத்தம் 420. நேராகப் பறக்க 170 போதும் என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு 250 மிச்சம். இப்போது ஒன்று நிற்கிறது. கையில் 210. நின்ற விசிறி இழுப்பதாலும் விமானம் கொஞ்சம் கோணலாகப் போவதாலும் நேராகப் பறக்கத் தேவையான அளவு 195 ஆகிறது. மிச்சம் 15. முன்பு 250 இருந்த இடத்தில் 15! ஆள் ஏற்றி, வெயில் காலத்தில் கிளம்பினால் அந்த 15உம் இருக்காது.

1965 ஜூன் 13 அன்று பெம்பிரிட்ஜில் முதல் ஐலேண்டர் பறந்தது. காண்டினென்டல் நிறுவனத்தின் 210 குதிரைத்திறன் இன்ஜின்கள் இரண்டு அதில் இருந்தன. சில நாட்களிலேயே அதைப் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சோதனைகளில் நாம் மேலே போட்ட கணக்கு எதிரே வந்து நின்றது: ஒரே இன்ஜினில் ஏறும் திறன் போதவில்லை.

இந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் விமான வளர்ச்சி என்பதன் சாரம். ஒன்று, இன்ஜினை மாற்றினார்கள்: லைக்கமிங் ஓ-540, ஒவ்வொன்றும் 260 குதிரைத்திறன். நம் கணக்கில் அந்த 15 இப்போது 65 ஆகும். இன்னொன்று, இறக்கையை நீட்டினார்கள். 45 அடியாக இருந்தது 49 அடி ஆனது. முனைக்கு இரண்டிரண்டு அடிதான்.

நான்கு அடியில் என்ன வந்துவிடும்? இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தாங்குகிறது. ஆனால் இறக்கையின் முனையில் தடுப்பு எதுவும் இல்லை. கீழிருக்கும் காற்று முனையைச் சுற்றி மேலே ஏறிச் சுழலாக மாறுகிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் சக்தி இன்ஜினிடமிருந்துதான் போக வேண்டும். இறக்கை நீளமானால் முனையில் நடக்கும் இந்தக் கசிவின் பங்கு குறையும். முக்கியமாக, இந்த வகைத் தடை மெதுவாகப் பறக்கும்போதுதான் அதிகம். ஒரு இன்ஜினோடு தத்தளித்து ஏறும் விமானம் மெதுவாகத்தான் ஏறும். எங்கே வலிக்கிறதோ அங்கேயே மருந்து போட்ட மாதிரிதான் அந்த நான்கு அடி.

மாற்றங்களோடு இரண்டாவது விமானம் 1966 ஆகஸ்ட்டில் பறந்தது. 1967 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் என்பதை வெறும் காகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த எடையில், எந்த வேகத்தில், ஒரு இன்ஜின் நின்றால் எவ்வளவு ஏறும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று ஒவ்வொன்றையும் பறந்து காட்டி நிரூபித்தால்தான் அது கிடைக்கும். அது இல்லாமல் டிக்கெட் விற்று ஓர் ஆளைக்கூட ஏற்ற முடியாது. பிந்தைய ஐலேண்டர்கள் இரண்டு இன்ஜினோடு நிமிடத்துக்கு 250 மீட்டருக்கு மேல் ஏறும். ஒன்றோடு சுமார் 50 மீட்டர். பெரிய எண் இல்லைதான். ஆனால் கடலுக்கு மேலே இருப்பவருக்கு, இறங்குகிற விமானத்துக்கும் மெதுவாகவாவது ஏறுகிற விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த 50 மீட்டர்.

சான்றிதழ் வந்த கையோடு விமானங்கள் வேலைக்குப் போயின. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் லோகன்ஏர் நிறுவனம் ஐலேண்டரை ஓட்டியது. வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு 2.7 கிலோமீட்டர். நம் பாம்பன் ரயில் பாலமே இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் என்பதை வைத்து அந்தத் தூரத்தை யோசித்துக்கொள்ளலாம். கால அட்டவணை போட்டு ஓடும் விமானப் பயணங்களில் உலகிலேயே குறுகியது அதுதான். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்திருக்கிறது.

விமானம் நன்றாக விற்றது, நிறுவனம்தான் தள்ளாடியது. ஆர்டர்கள் குவிந்து தொழிற்சாலை போதாமல் போக, ருமேனியாவில் கட்ட ஏற்பாடானது. அங்கே கட்டிய முதல் ஐலேண்டர் 1969 ஆகஸ்ட்டில் பறந்தது. பிற்பாடு 500க்கும் மேல் அங்கேதான் உருவாயின. அப்படியும் பணம் முடங்கி 1971இல் நிறுவனம் நொடித்தது. 1972இல் ஃபேரி நிறுவனம் வாங்கியது, பெல்ஜியத்திலும் கட்டினார்கள், 1977இல் ஃபேரியும் விழுந்தது. அதே ஆண்டு ஜான் பிரிட்டன் காலமானார். பிறகு சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் கைக்குப் போனது. இத்தனை கை மாறியும் உற்பத்தி அறவே நின்றுபோகவில்லை. மொத்தம் 1,200க்கும் மேல் கட்டப்பட்டுவிட்டன. சுலபமாகக் கட்டக்கூடிய பெட்டி உடலாக இல்லாமல் இருந்திருந்தால், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேலையை இப்படி மாற்றியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இடையில் உடலை நீட்டி, மூன்றாவதாக ஓர் இன்ஜினை வாலின் மேல் வைத்து டிரைலேண்டர் என்று ஒன்று செய்தார்கள். 1970 செப்டம்பரில் பறந்தது. பார்க்க விசித்திரமானது, எண்ணிக்கையில் சிறியது. படைகளுக்கான வகைக்கு டிஃபெண்டர் என்று பெயர்.

பாக் நீரிணைக்கு மேலே

இந்தியக் கடற்படைக்கு ஐலேண்டர் வந்தது 1976இல். கொச்சியில் இருந்த 550ஆம் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, அவை போயின. இலங்கையுடன் கடல் எல்லை உடன்பாடுகள் கையெழுத்தானதும் 1974லும் 1976லும்தான். 1990 ஜூனில் பாக் நீரிணையில் ஆபரேஷன் தாஷா என்ற பெயரில் கடற்படையின் தொடர் காவல் ஆரம்பித்தபோது, ராமநாதபுரத்தில் நிறுத்தப்பட்ட ஐலேண்டர்கள் அந்த வேலையில் இறங்கின.

கேமரூனில் ஆள் ஏற்றுவதற்காக யோசித்த விமானம் இங்கே எப்படிப் பொருந்தியது? பாக் நீரிணை ஆழம் குறைந்த, சின்ன கடல். அதில் பார்க்க வேண்டியவை பெரிய கப்பல்கள் அல்ல. நாட்டுப்படகு, வள்ளம், விசைப்படகு. ஒரு படகில் எத்தனை பேர், வலை போட்டிருக்கிறார்களா, படகு பழுதாகிக் காற்றோடு போகிறதா என்று பார்க்க வேண்டுமானால் மெதுவாகப் போக வேண்டும். ஐலேண்டர், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புத் தகடுகளைக் கீழே இறக்கிய நிலையில், மணிக்கு 75 கி.மீ. வரை வேகத்தைக் குறைத்தாலும் காற்றில் நிற்கும். அதற்குக் கீழே போனால்தான் இறக்கை தாங்காது. எந்த வேகத்தை வேண்டாம் என்று விட்டார்களோ, அதை விட்டதால் கிடைத்த வசதி இந்தக் கடலுக்கு அப்படியே உதவியது.

விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். இறக்கைக்குத் தேவை காற்றின் வேகமே தவிரத் தரையின் வேகம் இல்லை. மணிக்கு 30 கி.மீ. கச்சான் காற்று எதிரே அடித்தால், தரையில் அந்த 30 கி.மீ. குறைவாக உருண்டாலே போதும். ஓடும் தூரம் சுருங்கும். ஐலேண்டர் காற்றே இல்லாவிட்டாலும் 350 மீட்டரைச் சுற்றிய தூரத்தில் மேலே எழும்பிவிடக்கூடியது. கச்சான் காலத்தில் இன்னும் சுலபம். ஆனால் காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும்போது இதே மெதுவான விமானம் அதிகம் அலைக்கழியும். இலகுவானது என்பதற்கு அது விலை.

பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு

லைக்கமிங் இன்ஜின் பிஸ்டன் வகை. கார் இன்ஜினைப் போலவே சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் வெடித்து பிஸ்டனைத் தள்ளும். ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். தண்ணீர் இல்லை, காற்றே குளிர்விக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று கெட்டாலும் இன்னொன்று ஓட்டும். எளிய, பழகிய இன்ஜின். தொல்லை எரிபொருளில். இதற்கு வேண்டியது விமானங்களுக்கென்றே தயாராகும் தனிப் பெட்ரோல். உலகில் பல இடங்களில், நம் நாட்டிலும், அது எளிதில் கிடைக்காது. ஜெட் விமானங்களுக்கான எரிபொருள்தான் எல்லா விமான நிலையத்திலும் இருக்கும். அது மண்ணெண்ணெய் ரகம்.

அதனால் 1980இல் ஐலேண்டரில் டர்பைன் இன்ஜினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். பி.என்.-2டி என்று பெயர். ஹெலிகாப்டர்களில் பேர்பெற்ற அலிசன் 250 இன்ஜின், ஒவ்வொன்றும் 320 குதிரைத்திறன். இதில் பிஸ்டன் இல்லை. காற்றை அழுத்தி, எரிபொருளை விட்டுத் தொடர்ந்து எரிய வைத்து, அந்தச் சூடான காற்று ஒரு சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் விசிறியைச் சுற்றுகிறது. மேலும் கீழும் அடிக்கும் பாகம் இல்லாததால் அதிர்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் விலை கூடுதல், தாழ்வாகப் பறக்கும்போது எரிபொருள் அதிகம் குடிக்கும். எனவே டர்பைன் வந்ததும் பிஸ்டன் வகை ஒழிந்துவிடவில்லை. இரண்டும் கூடவே விற்றன. இந்தியக் கடற்படையிலும் டர்பைன் வகை பின்னர் சேர்ந்தது.

இன்று நம் கரையோரம் பறக்கும் கடற்படை, கடலோரக் காவல்படை விமானங்களில் டோர்னியர் 228தான் அதிகம். ஜெர்மனியில் 1981இல் முதலில் பறந்தது. 1983 ஒப்பந்தப்படி இந்திய அரசின் விமான நிறுவனமான எச்.ஏ.எல். கான்பூரில் கட்டுகிறது. அதன் கதை வேறு வழியில் போகிறது: முதலில் ஒரு புதிய இறக்கையை மட்டும் உருவாக்கி, பழைய விமானத்தில் மாட்டிச் சோதித்து, பிறகுதான் உடலை முடிவு செய்தார்கள். சக்கரம் உள்ளே மடங்கும். 19 பேர் வரை போகலாம். மணிக்கு 400 கி.மீ.யை எட்டும். நடைபாதையும் உண்டு. ஐலேண்டர் விட்டுக்கொடுத்ததில் பலவற்றை இது வைத்துக்கொண்டது; அதற்கேற்ப எடையும் இரண்டு மடங்கு.

ஐலேண்டரின் வளர்ச்சி இன்னும் நடக்கிறது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் 2019இல் தொடங்கிய ஒரு திட்டம் இதே விமானத்தை எடுத்துக்கொண்டு, முதலில் மின்சாரத்திலும் பிறகு ஹைட்ரஜனிலும் ஓட்டும் முயற்சியில் இறங்கியது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து விசிறியைச் சுற்றுவது, வாயுத் தொட்டிகளை இறக்கைக்கு அடியில் தொங்கவிடுவது என்பது திட்டம். தொட்டியின் எடையும் அது அடைக்கும் இடமும்தான் பெரிய தடை. நீண்ட தூரம் போகும் விமானத்துக்கு இன்றைய நிலையில் கட்டுப்படியாகாது. 2.7 கிலோமீட்டர் பறந்து இறங்கிவிடும் விமானத்துக்கு அந்தக் கணக்கு வேறு. அங்கே எரிபொருள் கொஞ்சம் போதும், இறங்கியதும் மறுபடி நிரப்பலாம். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் புதிய விமானம் ஒன்றைக் கட்டாமல் 1965இல் பறந்த இந்தப் பெட்டி உடலைத் தேடிப் போனார்கள்.